கோமளத்துக்காக ஒரு விண்ணப்பம்

புதுக்கடை,
7-9-1956, வெள்ளி.

கூடப் பிறக்காமல் போனாலும் எனக்குத் தங்கையேயான பேபிக்கு, மைனி செல்லபாய் அன்போடும் ஜெபத்தோடும் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணனும் பிள்ளைகளும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்துக்குப் பதில் எழுது என்று வழக்கமாக அடுத்த வரியில் எழுதுவேன். இந்தத் தடவை எழுதவில்லை. உன் சுகம் எப்படி என்று சானடோரியம் டாக்டரே உன் அண்ணனுக்கு எழுதிவிட்டார். பதினெட்டாம் தேதி ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்களாம். நீ சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இருக்கிறாயாம். இந்த மாதத்தை விட்டால் மற்றப் பக்கத்து நெஞ்சும் கெட்டுப்போகும் என்று எழுதியிருக்கிறார். உன் அண்ணன் அந்தக் கடிதத்தை நாலு தடவை வாசித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மார்த்தாண்டம் சந்தைக்குப் போனார். போன தேங்காய் வண்டி அப்படியே விற்காமல் திரும்பி வந்தது. விலை கேட்க மறந்துபோனேன் என்றார்.

மற்ற விசேஷங்கள். கன்னிப்பூ அறுப்பு முடிந்தது. வைக்கோல் நனைந்துவிட்டது. நம் சிவப்புப் பசு கிடாரி போட்டிருக்கிறது. நவம்பர் முதல் தேதியிலிருந்து நம் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேருகிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சு. உன் மருமகன் செல்வன் அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவா என்று மட்டும் கேட்கிறான். சின்னவன் கடைவாய்ப் பல்லு முளைத்து, கண்ணில் கண்டதையெல்லாம் கடிக்கிறான். நேற்று உபதேசியாரின் குடைக் கம்பைக் கடித்தான்.

நான் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பெரிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் பக்கத்துக் கட்டில்காரிகளுக்கு வாசித்துக் காட்டுவாயே, இதை மட்டும் முதலில் தனியாக வாசி.

'பதினேழாம் நம்பர் வீடு' நாடகம் ஜூன் பதினாலாம் தேதியோடு நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு பதினோரு வியாழக்கிழமைக்கு நான் உனக்கு எழுதின கதை ரேடியோவில் வந்தது இல்லை. நானே கட்டினது.

எழுதிவிட்டேன். பொறு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு வருகிறேன்.

நான் பிறவிப் பொய்க்காரி இல்லை என்று உனக்குத் தெரியும். அந்த மதிலடிக்கு என்னை முதலில் இழுத்துக்கொண்டு போனதே நீதான். வாசகசாலை ரேடியோவின் குழாய் நம் பக்கம் பார்த்து இருந்ததால், ஆண்கள் உள்ளே பெஞ்சில் உட்கார, நாம் சபை மதிலுக்கு இந்தப் பக்கம் ஓலை முடைந்துகொண்டே கேட்போம். கோமளத்தின் குரல் வந்ததும் எல்லாக் கையும் நிற்கும். கப்பலுக்குப் போன புருஷனிடமிருந்து தகவல் இல்லாமல், வீட்டில் குடியிருப்பவர்களின் வம்பையெல்லாம் தாங்கிக்கொண்டு, காலி செய் காலி செய் என்று வருகிற வீட்டுக்காரனையும் சமாளித்தாளே, அவளை யாருக்குத்தான் பிடிக்காது? நீ சானடோரியத்துக்குப் புறப்பட்ட அன்றைக்கு பஸ் ஜன்னல் வழியாக என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "வியாழக்கிழமைக் கதையை மட்டும் எழுதி விடு மைனி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாய். அதனால் எழுதினேன். ஒரு வாரமும் தவறவில்லை.

முதல் பொய் போன நவம்பரில் சொன்னேன். வீட்டுக்காரன் மாட்டு வண்டியைக் கொண்டுவந்து கோமளத்தின் சாமான்களை ஏற்றச் சொல்கிறான், அந்த இடத்தில் ரேடியோ பொசுக்கென்று நின்றுவிட்டது. வாசகசாலையைப் பார்த்துக்கொள்கிற பகவதியப்பன் பேட்டரியை மார்த்தாண்டத்துக்குச் சார்ஜுக்கு அனுப்ப மறந்துவிட்டான். அவனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பாதிக் கதையை எப்படி அனுப்ப? கோமளம் வண்டிக்காரனுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தாள் என்றும், அவன் குடித்துவிட்டு, இந்த வீட்டுச் சாமானில் கை வைக்க மாட்டேன் என்று மாட்டைத் திருப்பிக்கொண்டு போனான் என்றும் எழுதி ஒட்டிவிட்டேன். அதற்கு நீ என்ன பதில் போட்டாய்? வண்டிக்காரன் மாட்டைத் திருப்பின இடத்தில் வார்டில் பதினாறு கட்டிலிலும் கை தட்டினோம், அந்த நாடகக்காரர் கைக்கு மோதிரம் போட வேண்டும் என்று எழுதினாய். அந்தக் கடிதத்தை நான் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து மூன்று நாள் எடுத்து எடுத்து வாசித்தேன். உள்ளதைச் சொன்னால் அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. அடுத்த வாரம் ரேடியோவில் சாமானெல்லாம் தெருவில் கிடந்தது. அதைச் சரிக்கட்ட நான் பட்ட பாட்டைப் பிறகு நேரில் சொல்கிறேன்.

ஜூன் பதினாலாம் தேதி நல்ல மழை. ஓலையைத் தலையில் பிடித்துக்கொண்டு கேட்டோம். கோமளம் விளக்கை அணைக்கப் போகிறாள், யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "யாரு?" என்கிறாள். அவ்வளவுதான், சங்கீதம் வந்துவிட்டது. ஒரு வாரம் முழுக்க ஊரில் அதே பேச்சு. புருஷன்தான் என்று அடுத்த வீட்டு ஞானபாய் சொன்னாள். போலீஸ் என்றாள் இன்னொருத்தி. குளச்சலிலிருந்து மீன் கொண்டுவருகிற வேளாங்கண்ணி, வியாழக்கிழமை என்றால் புதுக்கடையைக் கடைசியாக வைத்துக்கொண்டு வருவாளே, அவள் அந்த வாரம் கூடையைக் காலி பண்ணிவிட்டு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து இடம் பிடித்துவிட்டாள்.

நேரம் ஆயிற்று. ரேடியோவில் ஒரு ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்போஸ்டு உரம் தயாரிக்கும் முறை என்று ஆரம்பித்தார். குழி எத்தனை அடி, சாணி எத்தனை கூடை, எல்லாம் சொன்னார். நாங்கள் இப்போது முடியும், இப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். கடைசியில் வேளாங்கண்ணி எழுந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "அப்போ கதவைத் தட்டினது சாணிக்காரனாக்கும்!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமும் உரம். அதற்கடுத்த வாரம் பூச்சி மருந்து. எல்லோரும் சேர்ந்து நிலையத்துக்கு ஒரு கார்டு போட்டோம், நான்தான் எழுதினேன். நேயர்களின் ஆர்வத்துக்கு நன்றி, மேற்படி நாடகம் நிறைவுற்றது என்று இரண்டு வரி வந்தது. நிறைவுற்றதாம்! ஒருத்தியைக் கதவடியில் நிற்க வைத்துவிட்டு எப்படி நிறைவுறும் என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. உன் அண்ணன், ஒரு நாடகத்துக்கா இப்படி என்று சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்? கோமளம் வாரம் ஒரு தடவை நம் வீட்டுக்கு வந்து போகிற மனுஷியாக ஆகிவிட்டிருந்தாள். அவள் வரவு நின்றால் துக்கம் இருக்காதா?

முதல் வாரமே உனக்கு உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது உனக்குக் காய்ச்சல் நூற்றுமூன்று. தட்டினது யார் என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை, சீக்கிரம் எழுது மைனி என்று பென்சிலால் கோணல்மாணலாக எழுதியிருந்தாய். அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்த பிறகு உரக் குழியைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. தட்டினது தபால்காரன், தந்தி கொண்டுவந்தான் என்று எழுதினேன். ஒரு வாரத்துக்குத்தானே, காய்ச்சல் இறங்கட்டும் என்று நினைத்தேன். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு பதினொன்றாயிற்று.

ஆனால் நீ கெட்டிக்காரி. ஆகஸ்டு மாதம் ஒரு கடிதத்தில், கும்பகோணத்துப் பக்கத்துக் கோமளம் இப்போதெல்லாம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியுமாகச் சாப்பிடுகிறாளே, நாடகம் எழுதுகிறவர் மாறிவிட்டாரா என்று கேட்டாய். எனக்குத் தெரிந்த சமையலைத்தானே அவளுக்கு நான் சமைக்க முடியும்? புதிதாகக் குடிவந்த ஒருத்தி நம் பக்கத்துக்காரி, அவள் சமைத்துக் கொடுத்தாள் என்று அடுத்த கடிதத்தில் ஒரு குடித்தனக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இனி சொல்லப் போவதுதான் நான் செய்த பெரிய மடத்தனம். பத்தாவது வாரம் எனக்குக் கற்பனை ஓடவில்லை. சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு, அறுப்பு வேலை வேறு. கோமளத்தை இரண்டு வாரம் படுக்கையில் போட்டால் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்குமே என்று நினைத்தேன். யாருக்கு எழுதுகிறேன் என்று யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்தேன். நெஞ்சு என்றால் உனக்கு உறைக்கும் என்று வயிற்றில் கட்டி என்று எழுதினேன்! என் புத்தியைப் பார். டாக்டர் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார், கோமளம் பயந்து மாட்டேன் என்கிறாள் என்று அதோடு அந்த வாரத்தை நிறுத்தினேன். அடுத்த வாரமும் அவள் யோசிக்கிறாள் என்றே ஓட்டிவிட்டேன். அங்கே உன் டாக்டரும் அதே வாரங்களில் உன்னிடம் அதையே கேட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ அதைப் பற்றி எங்களுக்கு ஒரு எழுத்து எழுதவில்லையே.

போன சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. கோமளம் சம்மதிப்பாளா மைனி, எனக்கு அது முதலில் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு எனக்கு அது வெறும் கதை கேட்பதாகத்தான் பட்டது.

மறுநாள் ஆராதனை. நீ உபதேசியாருக்குத் தனியாகக் கடிதம் போட்டது எனக்குத் தெரியாது. நம் பழைய உபதேசியாராக இருந்தால் வாசித்ததும் பிடித்திருப்பார். இவர் ஏசுஅடிமை உபதேசியார், வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ரேடியோ பக்கம் தலை வைத்துப் படுக்காத மனுஷன். விண்ணப்பச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தவர், நம் சபை அங்கத்தினர் ஒருவரின் சிநேகிதி கோமளம் என்னும் சகோதரி, வயிற்றில் கட்டியினால் வேதனைப்படுகிறாள், அவள் பயம் நீங்கி ஆபரேஷனுக்குச் சம்மதித்துச் சுகமடையும்படி ஜெபிப்போம் என்று சொல்லிக் கண்ணை மூடினார். மூடினவர் லேசில் திறக்கவில்லை. அவள் இன்னும் உம்மை அறியாதவளாயிருந்தாலும் அவளையும் உம்முடைய பிள்ளையாக நினைத்தருளும் என்று உருகி உருகி ஜெபித்தார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி கண்ணும் மூடவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள். ஞானபாய் என் இடுப்பில் முழங்கையால் குத்தி, "ஏட்டி, நம்ம கோமளத்துக்கா? அவளுக்கு எப்ப கட்டி வந்திச்சு?" என்கிறாள். நான் பாட்டுப் புஸ்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அதற்கு அவர்கள் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார்கள் பார், அதைக் கேட்டு நீ சிரிக்க வேண்டும். அந்தச் சீட்டு நீ எழுதினது என்று ஒரு நொடியில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கோமளத்தைச் சிநேகிதி என்று சொல்ல நம் சபையில் வேறு யார் இருக்கிறார்கள்? அதனால், பேபி இருக்கிற ஊரில் நாடகம் நிற்கவே இல்லை, நமக்கு மட்டும் நிறுத்திவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆராதனை முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் வேதப் புஸ்தகமும் கையுமாக வாசகசாலைக்குப் போய்ப் பகவதியப்பனைப் பிடித்துக்கொண்டார்கள். "அங்க நாடகம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நமக்கு இந்தப் பாவி சாணியைத் திருப்பி வச்சிருக்கான்!" என்று ஞானபாய் சத்தம் போட்டாள். அவன் பாவம், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போய்க்கொண்டிருந்தவன், தலையில் எண்ணெயோடு ரேடியோவைத் திருகித் திருகிக் காட்டுகிறான். "அம்மாமாரே, எனக்க பிள்ளைகளாணைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது!" என்கிறான். கண்ணில் தண்ணீர் நின்றது அவனுக்கு. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கதையை நான்தான் கட்டி எழுதினேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அடிக்கப் போகிறார்கள் என்றே நினைத்தேன். ஞானபாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது கிடக்கட்டு. கதவைத் தட்டினது யாருன்னு முதல்ல சொல்லு பிள்ளே" என்றாள்.

உபதேசியார்தான் பாவம். விஷயம் தெரிந்ததும் முகம் வாடிப்போனார். சபையில் என்னைப் பரிகசித்துவிட்டார்களே என்று உனக்குக் கோபமாகக் கடிதம் எழுதப் போவதாகச் சொன்னார். அந்தக் கடிதம் இதற்கு முன்னால் வந்து சேர்ந்துவிடக் கூடாது என்றும் எனக்கு ஒரு பயம். ஆனால் திங்கட்கிழமை டாக்டர் கடிதத்தை உன் அண்ணன் அவரிடம் காட்டினார். வாசித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தாராம். அப்புறம், "அந்தப் பிள்ளை தனக்குத்தான் கேட்டிருக்கா. நான் ஜெபிச்சது வீணில்லை" என்று சொன்னாராம். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. இங்கிருந்து போகும்போதே, சபையில் என் பெயரை வாசித்து யாரும் பரிதாபப்படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவள் அல்லவா நீ.

உன் அண்ணன் அன்றைக்கு ராத்திரியே ஒரு வழி சொன்னார். "கோமளம் சம்மதிச்சா, ஆபரேஷன் நடந்துது, எழும்பி நடந்தாச்சுன்னு ஒரு கடிதம் எழுதிப் போடு. அவளும் கையெழுத்துப் போட்டிருவா. பதினோரு வாரம் எழுதின பொய்யோட இதும் ஒண்ணு, இதுல என்ன பாவம்?" என்றார். அவர் பயத்தில் சொன்னது, கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. செவ்வாய்க்கிழமை எழுதினேன். கோமளம் சிரித்துக்கொண்டே மேசையில் படுக்கிறாள், ஒரு வலியும் இல்லை, ஒரே வாரத்தில் எழுந்து தோசை சுடுகிறாள். உறையில் போட்டு ஒட்டித் தபாலாபீஸ் வரைக்கும் போனேன். பெட்டியின் முன்னால் நின்றபோது, இதை நானே நம்பவில்லையே என்று தோன்றியது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினதை ஒரு வரியிலேயே கண்டுபிடித்துவிடுகிற டீச்சர் நீ. நீ நம்புவாயா? நம்பினாலும், இல்லாத ஒருத்தியின் தைரியத்தைக் கடன் வாங்கிக்கொண்டு நீ போய்ப் படுக்கலாமா? கடிதத்தைத் திரும்பக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன்.

நேற்று வியாழக்கிழமை. மதிலடியில் எல்லோரும் ஓலையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உர ஐயா பேச ஆரம்பித்ததும் பகவதியப்பன் தானாகவே ரேடியோவைத் திருகி நிறுத்தினான். பதினோரு வாரத்தையும் ஒரே மூச்சில் சொல்ல வைத்துவிட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் சத்தம் காட்டாமல் வந்து நின்றார்கள். உன் அண்ணனும் நின்றார். தந்தி வந்த இடத்தில் அழுதார்கள், மரச்சீனி இடத்தில் சிரித்தார்கள். கோமளம் சம்மதிப்பதா வேண்டாமா என்று கதை நிற்கிற இடத்துக்கு வந்ததும் பெரிய சண்டை. வேண்டாம், கத்தி பட்ட உடம்பு தேறாது என்றார்கள் சிலர். நெய்யூர் ஆஸ்பத்திரியில் தன் மதினிக்கு அறுத்து, அவள் இப்போது தலைச்சுமையாக நெல் கொண்டுவருகிறாள் என்று ஞானபாய் அடித்துப் பேசினாள்.

வேளாங்கண்ணி அந்தச் சண்டையில் சேரவில்லை. அவளுக்கு உன்னைத் தெரியும், உனக்கென்று நல்ல மீனாகப் பார்த்து ஒதுக்கி வைப்பவள் அல்லவா. எல்லோரும் ஓய்ந்த பிறகு, "கோமளம் கிடக்கட்டும். நம்ம பேபி கையொப்பிட்டாளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அவளுக்குப் பக்கத்துல ஆளு யாரும் இருக்கா?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். "பின்ன எப்படிம்மா ஒப்புவா" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பேபி, நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பதினாலு மாதம் உனக்குக் கடிதம் எழுதினேன், ஒரு தடவைகூட நான் உன்னைப் பார்க்க வரவில்லை. அறுப்பு என்றேன், பஸ் என்றேன், அவ்வளவு தூரம் என்றேன். அதெல்லாம் பொய். எனக்குப் பயம். சின்னவன் அப்போது பால் குடிக்கிற பிள்ளை, உன் மூச்சு பட்டு ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்து அவனுக்குக் கொடுத்துவிடுவேனோ என்று பயம். நீ இங்கே இருந்த கடைசி மாதத்தில் உன் டம்ளரைத் தனியாக எடுத்து ஜன்னலில் வைத்ததும் நான்தான். நீ பார்த்தாய். மறுநாளிலிருந்து நீயே அதைக் கழுவி நீயே ஜன்னலில் வைத்தாய். கதையை விடாமல் எழுதினேனே, அது பாசத்தால்தான். ஆனால் நான் வராததற்குப் பதிலாகவும்தான் எழுதினேன். அதை இன்றைக்கு உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன்.

மரச்சீனியைக் கண்டுபிடித்த உனக்கு மற்றது தெரியாமல் இருக்குமா என்றும் ராத்திரி யோசித்தேன். உனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, அல்லவா? நான் எழுதுகிறேன் என்று தெரிந்துகொண்டேதான் வாசித்தாய். அப்படியானால் கோமளம் சம்மதிப்பாளா மைனி என்று நீ கேட்டது நாடகக்காரரிடம் இல்லை. என்னிடம் கேட்டிருக்கிறாய். நான் என்ன சொல்வேன், நீ உயிரோடு வேண்டும் என்பேனா, இல்லை டம்ளரை எடுத்து வைத்தவள் அப்படியே விட்டுவிடுவாளா என்று பார்த்திருக்கிறாய். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் நேரில் சொல்லு.

நேரில் என்றுதான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை நான் புறப்படுகிறேன். திருநெல்வேலி வரைக்கும் பஸ்ஸில் உன் அண்ணன் கூட வந்து ரயிலேற்றி விடுவார். அங்கிருந்து நான் தனியாகத்தான் வருவேன், நாகர்கோவிலைத் தாண்டாதவள் எப்படி வருகிறேன் பார். சின்னவன் பால் மறந்துவிட்டான். பிள்ளைகளை ஞானபாய் பார்த்துக்கொள்கிறாள். நீ எழுந்து நடக்கிற வரைக்கும் அங்கேயே இருப்பேன். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் விட மாட்டேன் என்று நர்ஸம்மா சொன்னால் வராந்தாவில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் உபதேசியார் உன் பெயரை, பேபி என்று சொல்லியே, வாசிக்கப் போகிறார். நான்தான் சீட்டு எழுதிக் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், அதையும் சேர்த்து என்மேல் வைத்துக்கொள்.

ஆபரேஷனில் ஒன்றும் ஆகாது என்று நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. டாக்டர் நம்பிக்கையாக எழுதியிருக்கிறார், அதை மட்டும் சொல்கிறேன். பயப்படாதே என்றும் சொல்ல மாட்டேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு பயப்படு.

இவ்வளவும் வாசித்ததும் உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும், வர வேண்டும். பதினோரு வாரம் உன்னை ஏமாற்றினவளை, பதினாலு மாதம் வராமல் இருந்தவளை, நீ சும்மா விடக் கூடாது. ஆனால் இப்போது இருக்கிற மூச்சில் உன்னால் என்னை ஒழுங்காக நாலு வார்த்தை திட்ட முடியாது, பாதியில் இருமல் வந்துவிடும். மக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், கையெழுத்துப் போடு. நல்ல மூச்சோடு எழுந்து உட்கார்ந்து, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைத் திட்டு. நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நம்மைக் காக்கிறவர் உன் கட்டிலண்டையில் இருப்பாராக.

உன் மைனி,
செல்லபாய் ஜான்ரோஸ்.